ஆங்கிலேயக் கிராமப்புற மாளிகை விடுதி

ஆங்கிலேயக் கிராமப்புற மாளிகை விடுதி என்பது, இங்கிலாந்தின் நிலவுடைமைக் குடும்பங்கள் தாம் வசிப்பதற்காகக் கிராமப்புறங்களில் கட்டிய மாளிகைகளைப் பிற்காலத்தில் தங்கும் விடுதிகளாக மாற்றி நடத்தும் முறை ஆகும். வழிப்போக்கர்களுக்கென்றே கட்டப்பட்ட தமிழகத்துச் சத்திரங்களில் இருந்து இவை வேறுபட்டவை. இங்கு கட்டணம் செலுத்துபவரும் அவ்வீட்டிற்கு வந்த விருந்தினர் போலவே நடத்தப்படுவார்.

தோற்றம்

இம்மாளிகைகள் நிலக் குத்தகை வருமானத்தையும், குறைந்த கூலிக்குக் கிடைத்த பணியாளர்களையும் நம்பி இயங்கின. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வேளாண் வருமானம் சரிந்தது. இறந்தவர் விட்டுச்சென்ற சொத்தின் மீது 1894இல் விதிக்கப்பட்ட வரியின் உச்ச விகிதம் 8 விழுக்காடாக இருந்தது. 1949இல் அது 80 விழுக்காடானது. இரு உலகப்போர்களுக்குப் பின் வீட்டுப் பணியாளர்களும் அரிதாயினர். பல மாளிகைகள் இடிக்கப்பட்டன. சில பள்ளிகளாகவும் விடுதிகளாகவும் மாறின. 1948இல் பிரான்சிஸ் கோல்சன் அல்சுவாட்டர் ஏரிக்கரையில் தொடங்கிய சாரோ பே, இவ்வகை விடுதிகளின் முன்னோடியாகக் கருதப்படுகிறது. இது 2020இல் மூடப்பட்டது.

தங்கும் முறை

பல விடுதிகளில் அறைகளுக்கு எண்களுக்குப் பதிலாகப் பெயர்கள் இருக்கும். கணப்படுப்பு உள்ள வரவேற்புக் கூடம் அனைவருக்கும் பொதுவானது. பிற்பகலில் தேநீருடன் ஸ்கோன் எனும் சிறு ரொட்டி, பாலேடு, பழப்பாகு ஆகியன பரிமாறப்படும். இரவு உணவைத் தேர்வு செய்தபின் விருந்தினர்கள் கூடத்திலேயே காத்திருப்பர். உணவு ஆயத்தமானதும் மேசைக்கு அழைக்கப்படுவர். தோட்டத்தில் உலாவுவதும் நூல் வாசிப்பதும் வழக்கமான பொழுதுபோக்குகள்.

தமிழ்நாட்டில்

நீலகிரியின் குளிர்ந்த தட்பவெப்பம் ஆங்கிலேயரை ஈர்த்ததால் இத்தகைய வீடுகள் உதகமண்டலத்திலும் எழுந்தன. கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சலிவன் 1822இல் கட்டத் தொடங்கிய கல் பங்களா இவற்றுள் முதலாவது. அது பின்னாளில் அரசு கலைக் கல்லூரியின் பகுதியானது. 1844இல் கட்டப்பட்ட பெர்ன்ஹில் மாளிகை, 1873இல் மைசூர் அரச குடும்பத்தின் கைக்கு வந்து அவர்களின் கோடைக்கால இருப்பிடமாக விளங்கியது. பின்னர் பாரம்பரிய விடுதியாக்கப்பட்டது.

இங்கிலாந்தில் வரிகள் ஏற்படுத்திய நெருக்கடியை இந்திய அரச குடும்பங்களுக்கு 1971ஆம் ஆண்டின் மன்னர் மானிய ஒழிப்பு ஏற்படுத்தியது. பராமரிப்புச் செலவுக்கு வழி தேடிய பல குடும்பங்கள் தம் அரண்மனைகளை விடுதிகளாக்கின. இந்தியச் சுற்றுலா அமைச்சகத்தின் வகைப்பாட்டில், 1950க்கு முன் கட்டப்பட்ட அரண்மனை, கோட்டை, வசிப்பிடம் போன்றவையே பாரம்பரிய விடுதிகளாக ஏற்கப்படுகின்றன.

முக்கியத்துவம்

விடுதியாக மாறுவதால் பழைய கட்டடமும் தோட்டமும் அழிவில் இருந்து காக்கப்படுகின்றன. எனினும், விருந்தினர் காண்பது மாளிகை வாழ்வின் ஒரு பகுதியை மட்டுமே. கணப்படுப்புகளுக்கு விறகு சுமந்தும், சமையற்கட்டில் உழைத்தும் அவ்வாழ்வைத் தாங்கிய பணியாளர்களின் வரலாறு, வரவேற்புக் கூடத்தில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை.