20 கிலோமீட்டருக்கு எந்தக் காலணி?

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஒரகடம் சந்திப்பில் நின்று பார்த்தால் இரு வகை மிதிவண்டிகள் நம்மைக் கடந்து செல்வதைக் காணலாம். ஒன்று, இரவுப் பணி முடித்து அறைக்குத் திரும்பும் தொழிலாளருடையது. மற்றொன்று, தலைக்கவசம் அணிந்து சிங்கப்பெருமாள்கோயில் – ஸ்ரீபெரும்புதூர் சாலையில் விரைந்து பயிற்சி செய்வோருடையது. இவ்விரு கூட்டத்தாருக்கும் இடையிலான கோடு இப்போது மங்கி வருகிறது. தொழிற்சாலையில் பணிபுரியும் இளைஞர் பலர் நீச்சல், மிதிவண்டி, ஓட்டம் ஆகிய மூன்றும் அடங்கிய டிரையத்லான் போட்டிகளில் ஆர்வம் கொண்டுள்ளனர். இது மகிழ்ச்சிக்குரிய மாற்றமே.

சில மாதங்களுக்கு முன் அத்தகைய இளைஞர் ஒருவர் மணிக்கட்டு வீக்கத்துடன் எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தார். முதல் போட்டிக்குப் பதிவு செய்திருந்த அவர், நண்பர் சொற்கேட்டுப் பெடலோடு பூட்டிக்கொள்ளும் காலணியை வாங்கியிருந்தார். சிவப்பு விளக்கைக் கண்டு வண்டியை நிறுத்தியபோது கால் பெடலிலிருந்து விடுபடவில்லை. நின்ற இடத்திலேயே சாய்ந்து விழுந்தார். பின்னால் வந்த சரக்கு லாரி உரிய தொலைவில் நின்றதால் காயம் மணிக்கட்டோடு போயிற்று. உடன் வந்த தந்தையார் எங்களிடம் கேட்டார்: “காலைக் கட்டிப்போடும் செருப்பைக் காசு கொடுத்து வாங்குவானேன்?” அக்கேள்விக்கு விரிவான விடையே இக்கட்டுரை.

போட்டியின் அளவு

ஸ்பிரிண்ட் எனப்படும் குறுந்தொலைவு டிரையத்லானில் 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் மிதிவண்டி, 5 கிலோமீட்டர் ஓட்டம் ஆகியவை இடம்பெறும். 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் அறிமுகமான டிரையத்லானின் தொலைவு இதைப் போல் இருமடங்கு. மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர் 20 கிலோமீட்டரை 48 நிமிடங்களில் கடப்பார். இந்த 48 நிமிடங்களுக்கு முன்னும் பின்னும் காலணி மாற்றும் நேரமும் போட்டி நேரமாகவே கணக்கிடப்படும். எனவே, பெடலில் மிச்சப்படுத்தும் நொடிகளைக் காலணி மாற்றுவதில் இழந்துவிடக் கூடும்.

மூவகைப் பெடல்கள்

முதலாவது, நம் வீட்டு மிதிவண்டிகளில் உள்ள தட்டைப் பெடல். ஓட்டக் காலணியுடனேயே வண்டியையும் மிதிக்கலாம். இறங்கியதும் அப்படியே ஓடலாம். முதல் போட்டிக்கு இதுவே போதும் என்பது எங்கள் கருத்து. நிதான வேகத்தில் செல்வோருக்கு இதனால் பெரிய இழப்பு ஏதுமில்லை. கால் வழுக்காதிருக்க, சிறு முனைகள் பொருத்திய அகலமான பெடலைத் தேர்ந்தெடுத்தல் நன்று.

இரண்டாவது, இரு திருகுகளால் சிறிய உலோகக் கிளீட்டைக் காலணியின் அடியில் பொருத்தும் வகை. ஷிமானோ நிறுவனம் 1990இல் அறிமுகப்படுத்திய எஸ்பிடி இவ்வகையைச் சேர்ந்தது. கிளீட் அடிப்பகுதிக் குழிக்குள் அமைந்திருப்பதால் இறங்கி நடக்கலாம். பெரும்பாலான பெடல்களில் இருபுறமும் பூட்டிக்கொள்ளும் வசதி உண்டு. பூட்டுப் பெடல் பழக விரும்புவோர் இங்கிருந்து தொடங்கலாம்.

மூன்றாவது, மூன்று திருகுகளால் பெரிய பிளாஸ்டிக் கிளீட்டைப் பொருத்தும் பந்தய வகை. பனிச்சறுக்குக் காலணியின் பூட்டிலிருந்து பிறந்த இப்பெடலை லுக் நிறுவனம் 1984இல் வெளியிட்டது. மறு ஆண்டே பெர்னார் இனோ இதைக் கொண்டு டூர் டி பிரான்ஸ் போட்டியில் வென்றார். விசை சீராகப் பரவும் என்பது இதன் சிறப்பு. ஆனால் கிளீட் வெளியே துருத்தி நிற்பதால் நடக்கையில் வழுக்கும், விரைவில் தேயும்.

கட்டுவாருடன் கூடிய பழைய கூண்டுப் பெடலை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. வாரை இறுக்கினால் அவசரத்தில் காலை எடுப்பது கடினம்; இறுக்காவிட்டால் பயன் குறைவு.

முழங்காலும் பாதமும்

நம் பாதங்கள் இயல்பாகவே சற்று உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும். அவற்றை ஒரே கோணத்தில் பூட்டி ஆயிரக்கணக்கான முறை மிதித்தால் முழங்கால் வலி தோன்றலாம். ஆகவே, குதிகால் சிறிது அசைய இடம் தரும் கிளீட்டே புதியவருக்கு ஏற்றது. ஷிமானோவின் பந்தய வகையில் மஞ்சள் கிளீட் 6 பாகையும், நீலம் 2 பாகையும் அசைவு தரும். சிவப்பில் அசைவே இல்லை. லுக் கியோ வகையில் சிவப்பு 9 பாகை, சாம்பல் 4.5 பாகை, கறுப்பு அசைவற்றது. ஒரு நிறுவனத்தின் சிவப்பு மற்றொன்றின் சிவப்பன்று என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

கிளீட் பெருவிரலின் அடிப்பகுதிப் பந்துக்குக் கீழோ, அதற்குச் சற்றுப் பின்னாலோ அமைய வேண்டும். மிக முன்னால் இருந்தால் கெண்டைத் தசை களைக்கும். காலணியை மாலையில் வாங்குங்கள். பகல் முழுவதும் நின்று வேலை செய்த பாதம் அப்போது சற்று வீங்கியிருக்கும், போட்டியின் வெப்பத்திலும் அவ்வாறே வீங்கும். விரல்கள் மரத்துப்போனால் முதலில் வாரைத் தளர்த்துங்கள். அப்போதும் தீராவிட்டால் காலணியின் அகலத்தைச் சரிபாருங்கள். பணியிடத்தில் அணியும் இரும்புமுனைக் காலணியுடன் பயிற்சி வேண்டா.

டிரையத்லானுக்கென உருவான காலணியில் ஓரிரு அகன்ற ஒட்டுவார்களும், குதிகாலில் இழுக்க ஒரு வளையமும் இருக்கும். ஈரப் பாதத்தில் காலுறையின்றி அணிவதற்கு ஏற்ப உட்புறம் மென்மையாகத் தைக்கப்பட்டிருக்கும்.

நீரிழிவு உள்ளவர்களுக்கு

இவ்விடத்தில் ஒரு முக்கியமான வேறுபாட்டைச் சொல்ல வேண்டும். பாத உணர்ச்சி குறைந்தவர்களுக்குக் கொப்புளம் ஏற்பட்டதே தெரியாமல் போகலாம். அது ஆறாத புண்ணாக மாறலாம். ஆகவே, பயிற்சி தொடங்குமுன் பாதப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். நொடிகள் போனாலும் காலுறை அணியுங்கள். காலணிக்குள் கைவிட்டுக் கல், மணல் இல்லை என உறுதிசெய்யுங்கள். நீச்சல் முடிந்து வண்டி வரை வெறுங்காலுடன் சுடுதரையில் ஓடாதீர்கள். கரையில் செருப்பு வைக்க இடமுண்டா என ஏற்பாட்டாளரிடம் முன்பே கேளுங்கள். வீடு திரும்பியதும் இரு பாதங்களையும் குடும்பத்தார் ஒருவர் பார்த்துச் சொல்வது சிறந்தது.

பழகும் முறை

பூட்டுப் பெடலின் இறுக்கத் திருகை மிகக் குறைந்த அளவில் வையுங்கள். சுவரைப் பிடித்து நின்று, குதிகாலை வெளிப்புறம் திருப்பி விடுவிக்கும் அசைவை ஒவ்வொரு காலுக்கும் 30 முறை செய்யுங்கள். பின்னர் புல்தரையில் மெதுவாக ஓட்டிப் பழகுங்கள். சாலையில், நிற்கும்போது அன்று, நிற்பதற்கு முன்பே ஒரு காலை விடுவித்துவிட வேண்டும். கனரக வாகனங்கள் ஓயாது செல்லும் இவ்வட்டாரச் சாலைகளில் முதல் வாரத்திலேயே இப்பெடலுடன் இறங்குதல் தகாது. பெடலை நீங்களே மாற்றுவதாயின், இடப்பக்கப் பெடலின் மரை எதிர்த்திசையில் அமைந்திருப்பதை மறவாதீர்கள்.

விழுந்து, கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் வலி நீடித்தால் அலட்சியம் வேண்டா. அங்குள்ள சிறு எலும்பின் முறிவு முதல் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம். 10 முதல் 14 நாட்களில் மீண்டும் பார்க்க வேண்டியிருக்கும். தலையில் அடிபட்டு மயக்கமோ வாந்தியோ இருந்தால் உடனே 108ஐ அழையுங்கள்.

அந்த இளைஞர் மணிக்கட்டு குணமானபின், தட்டைப் பெடலுடனும் பழைய ஓட்டக் காலணியுடனும் தம் முதல் போட்டியை நிறைவு செய்தார். விலை கொடுத்து வாங்கிய காலணியும் வீணாகவில்லை. ஞாயிறுதோறும் வீட்டருகே உள்ள புல்தரையில் அதை அணிந்து பழகுகிறார். வண்டியைப் பிடித்துக்கொள்பவர் அவருடைய தந்தையார்.