கடைசியாக வருகிறவரும் ஊர் சேர வேண்டும்



பிழைப்பைத் தேடிப் பெங்களூருக்கு வந்தபோது, நம்மில் அநேகர் மிதிவண்டியைச் சொந்த ஊரிலேயே விட்டுவிட்டு வந்தோம். பள்ளிக்கும் வயலுக்கும் கடைவீதிக்கும் நம்மைச் சுமந்த அந்த வண்டி, நகரத்தில் வறுமையின் அடையாளமாக எண்ணப்பட்டது. பைக் வந்தது, பின்பு கார் வந்தது. கூடவே சர்க்கரை வியாதியும் முதுகுவலியும் வந்து சேர்ந்தன.

இதே பெங்களூரில், 2008ஆம் ஆண்டு டிசம்பரில், ரைட் எ சைக்கிள் பவுண்டேஷன் என்னும் அமைப்பினர் 'டூர் ஆஃப் நீலகிரிஸ்' என்ற மிதிவண்டிப் பயணத்தைத் தொடங்கினார்கள். ஏறக்குறைய ஒரு வாரகாலம், பல நூறு கிலோமீட்டர் தூரம், குழுவாகவே செல்லும் பிரயாணம் இது. வழித்தடம் ஆண்டுக்கு ஆண்டு மாறினாலும், நீலகிரி மலையே அதன் இருதயம்.

பலகையில் மட்டும் கண்ட ஊர்கள்

பெங்களூரிலிருந்து மைசூருக்குப் பழைய சாலையில் சுமார் 145 கிலோமீட்டர். ராமநகரத்தின் பட்டுக்கூட்டுச் சந்தை, சென்னபட்டணத்தின் மரப்பொம்மைகள், மத்தூர் வடை, மண்டியாவின் கரும்புத் தோட்டங்கள், ஸ்ரீரங்கப்பட்டணத்துக் காவிரி. காரில் விரைகிறவருக்கு இவை பெயர்ப்பலகைகள் மாத்திரமே. மிதிவண்டியில் செல்கிறவரோ வெல்லம் காய்ச்சும் வாசனையை முகர்கிறார். தேநீர்க் கடையில் அமர்ந்து ஊர் ஜனங்களோடு பேசுகிறார்.

மைசூரைக் கடந்தால் நஞ்சன்கூடு, குண்டலுப்பேட்டை, அதன்பின் பந்திப்பூர் வனம். யானையும் புலியும் வாழும் அந்தக் காட்டுச் சாலையில், 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை போக்குவரத்துக்குத் தடை உண்டு. பகலிலும் வழியில் நிற்கலாகாது.

முப்பத்தாறு வளைவுகள்

மசினகுடியிலிருந்து உதகைக்குச் செல்லும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள உதகையை அடைய, ஆயிரம் மீட்டருக்கும் அதிகமாக ஏற வேண்டும். முதல் வளைவுகளில் பலத்தைக் காட்டுகிறவர் விரைவில் களைத்துப்போவார். தன் பெலனை அறிந்து நிதானமாக மிதிக்கிறவரே மேலே சென்று சேருவார். இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு நடப்பதும் அவமானமல்ல.

முன்னே செல்பவரின் பாரம்

சமவெளியில் வேகமாகச் செல்லும்போது, மிதிப்பவரின் பெலத்தில் பெரும்பகுதியைக் காற்றின் எதிர்ப்பே உறிஞ்சிக்கொள்கிறது. ஒருவருக்குப் பின்னால் நெருங்கிச் செல்கிறவருக்கு, அந்தப் பிரயாசத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு மிச்சமாகும். ஆகவே அனுபவமுள்ள குழுவினர் முறைவைத்து முன்னே செல்வார்கள். களைத்தவர் பின்னே வந்து இளைப்பாறுவார். பள்ளத்தையும் வேகத்தடையையும் முன்னவர் கைச்சைகையால் அறிவிப்பார்.

எல்லாருக்கும் பின்னால் உதவி வாகனம் வரும். முடியாதவர் அதில் ஏறிக்கொள்ளலாம். இந்த வாகனத்தில் ஏற வெட்கப்படுவதே பெரிய ஆபத்து. மார்பில் அழுத்தமோ தலைச்சுற்றலோ கண்டால் உடனே இறங்கி மருத்துவரிடம் சொல்ல வேண்டும். குடும்பத்தார் வீட்டில் காத்திருப்பது பதக்கத்திற்காக அல்ல, நமக்காகவே.

நாமும் தொடங்கலாமா?

மிதிவண்டி ஆண்களுக்கு மாத்திரம் உரியதல்ல. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில், அறிவொளி இயக்கத்தின் மூலம் ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். பஸ்ஸுக்காகவும் கணவருக்காகவும் காத்திராமல், தண்ணீருக்கும் சந்தைக்கும் தாங்களே சென்றார்கள்.

நீலகிரி வரை செல்ல எல்லாராலும் இயலாது. நாற்பதைக் கடந்தவர்கள் முதலில் மருத்துவரைக் காணுங்கள். ஞாயிறு அல்லாத ஒரு விடுமுறை நாளில், விடியற்காலையில், தலைக்கவசத்துடன் பத்துக் கிலோமீட்டர் சென்று பாருங்கள். மைசூர் விரைவுச்சாலையில் 2023 ஆகஸ்ட் 1 முதல் மிதிவண்டிக்கு அனுமதி இல்லை. பக்கச் சாலையையே பயன்படுத்துங்கள்.

பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். அவர்களில் மெதுவாக மிதிக்கிறவன் எவனோ, அவனுடைய வேகமே அன்று குடும்பத்தின் வேகமாக இருக்கட்டும்.