அழிப்பதற்கு முன் ஒரு நிமிஷம்!

பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்தியவள் நான். ஆரி வேலை ரவிக்கைகளுக்கு டிசைன் வரைந்து கொடுத்து, கைச்செலவுக்குக் கொஞ்சம் சம்பாதிக்கிறேன். "கம்ப்யூட்டரில் வரைஞ்சா வாட்ஸ்அப்பிலேயே அனுப்பிடலாமே அக்கா" என்று தையல் கடைப் பெண் சொன்னதிலிருந்து எனக்கும் ஆசை வந்துவிட்டது.

வீட்டில் இருந்ததோ 4 ஜிபி மெமரி உள்ள பழைய கம்ப்யூட்டர். அதிலிருந்த விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு நின்றுவிட்டது. புதுசு வாங்கலாமா என்று கேட்டதும் என் வீட்டுக்காரர் முகம் போன போக்கைப் பார்த்து, பேச்சையே விட்டுவிட்டேன்.

விடுமுறைக்கு வந்த அண்ணன் மகன், "லினக்ஸ் போடலாம் அத்தை. கிரிட்டான்னு படம் வரையற சாப்ட்வேர் இருக்கு. ரெண்டுக்கும் காசே வேண்டாம்" என்றான்.

லினக்ஸில் பல வகை உண்டாம். ஒரே மாவில் இட்லி, தோசை, ஊத்தப்பம் மாதிரி உபுண்டு, ஃபெடோரா, மின்ட் என்று பல பெயர். எங்கள் பழைய மிஷினுக்குக் கனமானது தாங்காது என்று, மின்ட்டிலேயே இலகுவான 'எக்ஸ்எஃப்சிஇ' வகையைத் தேர்ந்தெடுத்தான். அதை ஒரு பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கம்ப்யூட்டரை ஓட்டிக் காட்டினான். உள்ளே எதையும் மாற்றாமலே திரை, வைஃபை, வரைகிற பேனா எல்லாம் வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். புடவையை உடுத்திப் பார்த்து வாங்குவது மாதிரிதான்!

எல்லாம் சரியாக இருக்கவே, இன்ஸ்டால் செய்ய ஆரம்பித்தான். 'டிஸ்க்கை அழித்துவிட்டுப் போடவா?' என்று கேட்டது. அவன் அழுத்தப் போகும்போதுதான் எனக்குத் திக்கென்றது. காலமான என் அம்மாவின் கோல நோட்டைக் கரையான் அரித்துவிட்டது. அதற்கு முன் நான் எடுத்து வைத்த போட்டோக்கள் அதற்குள்தான் இருந்தன! "நிறுத்துடா" என்று கத்தியே விட்டேன். பிறகு அவற்றை வேறொரு பென்டிரைவில் காப்பி செய்து, திறந்து சரிபார்த்த பிறகுதான் மேலே போனோம்.

மின்ட்டில் 'சாப்ட்வேர் மேனேஜர்' என்று ஒன்று இருக்கிறது. அதில் கிரிட்டா என்று தேடி ஒரு பட்டனை அழுத்தினால் போதும். இரண்டு விதமாக வரும். 'ஃப்ளாட்பேக்' என்று போட்டிருப்பது பெரும்பாலும் புதியதாக இருக்கும், ஆனால் டவுன்லோடு அதிகம். பழைய கம்ப்யூட்டரில் படத்தின் அளவையும் லேயர்களையும் குறைத்து வைத்துக்கொண்டால் திணறாது.

கிரிட்டாவில் 'மல்டிபிரஷ்' என்று ஒன்று உண்டு. ஒரு இதழை வரைந்தால், சுற்றிலும் எட்டு இதழ்கள் தானே விழுகின்றன. அதில் நான் முதலில் போட்டது அம்மாவின் தாமரைக் கோலம். பார்த்துக்கொண்டு நின்ற என் வீட்டுக்காரர், "இதைப் பிரிண்ட் போட்டு மாட்டலாமே" என்றார்!

தோழிகளே, பழைய கம்ப்யூட்டரைக் காயலான் கடைக்குப் போடும் முன் இப்படி முயன்று பாருங்கள். ஆனால் எந்த லினக்ஸ் ஆனாலும், முதலில் போட்டோக்களைப் பத்திரப்படுத்துங்கள். அழிந்தால் திரும்பக் கிடைக்காதவை அவைதான்.

- ஒரு வாசகி, கரூர்.