வெனிஸில் என் அப்பாவுக்கு கொரோனா!

அமெரிக்காவுக்குப் போக விசாவும் டிக்கெட்டும் இருந்தால் போதும் என்றிருந்த காலம் 2021 ஜனவரியோடு போயிற்று. ‘கொரோனா இல்லை’ என்று ஒரு சீட்டு கொண்டு வந்தால்தான் விமானத்தில் ஏற்றுவோம் என்றார்கள். முதலில் அந்தச் சீட்டு மூன்று நாள் பழசாக இருக்கலாம். ஒமிக்ரான் தலைகாட்டியதும், 2021 டிசம்பரில், ‘கிளம்புவதற்கு முதல் நாள் எடுத்தது மட்டுமே செல்லும்’ என்று இறுக்கிவிட்டார்கள். தோசை மாவுக்குக்கூட மூன்று நாள் மரியாதை உண்டு. இந்தச் சீட்டுக்குக் கிடையாது. 2022 ஜூன் 12 வரை இதுதான் சட்டம்.

நாங்கள் கிளம்பியது 2022 மே மாதம். நான் 63 வயது ரிட்டயர்டு பாங்க் ஆசாமி. பெண் நியூஜெர்சியில். டாக்டர் குறித்திருந்த பிரசவத் தேதி மே 24. ‘பதினைந்து நாள் முன்னாடியே வந்துடும்மா’ என்று தினமும் போன். போகிற வழியில் வெனிஸில் ஐந்து நாள் தங்குவதாக ஏற்பாடு. கல்யாணமான புதிதில் பாங்கில் லீவு கிடைக்காமல் ரத்தான ஊட்டி ட்ரிப்புக்கு, வட்டியும் முதலுமாக வெனிஸ்!

தீவுக்குள் ரூம் வாடகை கேட்டால் தலை சுற்றும். அதனால் பாலத்துக்கு இந்தப் பக்கம் மெஸ்த்ரே என்கிற ஊரில் ஒரு சின்ன வீடு. ரயில் ஏறினால் பத்து நிமிஷத்தில் வெனிஸ். மே 5-ம் தேதி வந்து இறங்கினோம். நாலு நாள் படகு, பாலம், புறா, ஐஸ்க்ரீம். ஒன்பதாம் தேதி காலையில் தொண்டையில் லேசாக ஒரு கரகரப்பு. ‘ஐஸ்க்ரீம்’ என்று தீர்ப்பு வழங்கிவிட்டு, மறுநாள் விமானத்துக்காக இருவரும் டெஸ்ட் எடுக்கப் போனோம்.

இத்தாலியில் அப்போது டெஸ்ட்டுக்கு ஆஸ்பத்திரி வாசலில் நிற்க வேண்டியிருக்கவில்லை. பச்சை சிலுவை போட்ட மருந்துக் கடையிலேயே எடுத்துவிட்டார்கள். தலைக்குப் பதினைந்து யூரோ, அன்றைய மதிப்பில் சுமார் 1,200 ரூபாய். மூக்கில் குச்சியை விட்டுத் துழாவி, கால் மணி நேரம் வெளியே நிற்கச் சொன்னாள் அந்தப் பெண். பிறகு கதவைத் திறந்து கையில் பேப்பரோடு கூப்பிட்டாள். என்னையல்ல. என் அப்பாவை!

நம்மவர்களின் இனிஷியல் சமாச்சாரம் உங்களுக்குத் தெரியாததா? பாஸ்போர்ட்டில் ‘சர்நேம்’ என்ற இடத்தில் என் அப்பாவின் பெயர் உட்கார்ந்திருக்கிறது. இத்தாலிக்காரர்கள் சர்நேமைத்தான் முதலில் எழுதுவார்கள், அதைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். ஆயுசில் கும்பகோணத்துக்கும் மெட்ராஸுக்கும் அப்பால் எங்கும் போகாத மனிதர். காலமாகி முப்பது வருஷத்துக்கு மேலாகிறது. அவருக்கு வெனிஸில் ‘பொஸிடீவோ’!

மனைவிக்கு நெகடிவ். ‘மி திஸ்பியாசே’ என்றாள் அந்தப் பெண். வருத்தமாக இருக்கிறதாம்.

வீட்டுக்கு வந்து ஆளுக்கொரு அறையில் உட்கார்ந்தோம். நடுவில் கதவு.

“நீ நாளைக்குக் கிளம்பு. உன் சீட்டு நெகடிவ். சட்டப்படி உன்னை யாரும் தடுக்க முடியாது.”

கதவுக்கு அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

“தனியா ஃப்ளைட் ஏறினது இல்லை. அதுகூடப் பரவாயில்லை, ஏறிடுவேன். நாலு நாளா உங்க பக்கத்துலதானே இருந்தேன்? இன்னிக்கு இல்லாதது நாளைக்கு இருக்காதுன்னு என்ன நிச்சயம்? நிறைமாசமா இருக்கிறவகிட்ட போய் நான் குடுக்கவா?”

பெண்ணிடம் போனில் சொன்னபோது அவள் அழவில்லை. “சரிம்மா” என்று மட்டும் சொன்னாள். அழுதிருந்தால் தேவலை.

என் மனைவியின் கணக்கு சரி என்று மூன்றாம் நாளே தெரிந்தது. பன்னிரண்டாம் தேதி அவளுக்கும் இருமல், அவளுக்கும் பொஸிடீவோ. அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் சிரித்தேன். அவள் பாஸ்போர்ட்டில் சர்நேம் என்ற இடத்தில் இருப்பது என் பெயர். ஆக, மே 9-ம் தேதி என் அப்பாவுக்கு கொரோனா. 12-ம் தேதி எனக்கு!

இனி கணக்குப் பாடம். இத்தாலியில் அப்போதிருந்த சட்டப்படி மூன்று ஊசி போட்டவருக்கு ஏழு நாள் சிறை. இரண்டே ஊசி போட்டு 120 நாளுக்கு மேல் ஆனவருக்குப் பத்து நாள். இரண்டு பேருமே கடைசியில் நெகடிவ் காட்டினால்தான் விடுதலை. நான் மார்ச்சிலேயே நம் ஊர் ‘முன்னெச்சரிக்கை டோஸ்’ போட்டுக்கொண்டவன். மனைவிக்கு இரண்டாவது ஊசி 2021 செப்டம்பரில். ஒன்பது மாதம் ஆகாமல் மூன்றாவது கிடையாது என்பது அப்போது நம் அரசாங்கத்தின் கணக்கு. ஒரே வீட்டில், ஒரே வியாதிக்கு, எனக்கு ஏழு, அவளுக்குப் பத்து.

அமெரிக்கக் கணக்கு வேறு. அறிகுறி வந்த நாளிலிருந்து முழுசாகப் பத்து நாள் கழியும்வரை பிரயாணமே செய்யாதே என்பது அப்போது அவர்கள் சிபாரிசு. ஆக இருபத்திரண்டாம் தேதி வரை அசைய முடியாது.

மூன்றாவது கணக்குதான் வயிற்றில் புளியைக் கரைத்தது. எங்கள் ஐரோப்பிய விசாவில் ‘தங்கும் நாட்கள்: 15’ என்று போட்டிருந்தது. விசா காலாவதி தேதி அதற்கும் பதினைந்து நாள் தள்ளித்தான். அதைப் பார்த்து ‘இன்னும் நாள் இருக்கு’ என்று நிம்மதியாக இருப்பவர்கள் அநேகம். அந்த உபரி நாட்கள், பயணத் தேதி முன்னே பின்னே ஆனால் சமாளிக்க மட்டும். தங்குவது பதினைந்தே நாள். எங்களுக்கு மே 19-ம் தேதியோடு சரி. இருபதாம் தேதி முதல் நாங்கள் கள்ளக் குடியேறிகள்!

இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்பீர்கள். அந்த விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவ இன்ஷூரன்ஸ் எடுத்தே ஆக வேண்டும். எடுத்திருந்தோம். கம்பெனிக்குப் போன் போட்டேன்.

“சார், ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆயிட்டீங்களா?”

“இல்லையே, வீட்டில்தான்...”

“ஸாரி சார். அட்மிட் ஆனாத்தான் கவர் ஆகும்.”

நன்றாக இருப்பதற்காக வருத்தப்பட்ட ஒரே சந்தர்ப்பம் அதுதான். வெளிநாடு கிளம்புகிறவர்கள் பாலிசியில் முதல் பக்கத்துத் தொகையைப் பார்க்காமல், தனிமைப்படுத்திக்கொண்டால் ரூம் வாடகை தருவார்களா, டிக்கெட் மாற்றும் செலவு தருவார்களா என்ற இரண்டு வரியைத் தேடிப் படிப்பது உத்தமம்.

விமானக் கம்பெனி டிக்கெட்டை மாற்றித் தந்தது. மாற்றுவதற்குக் கட்டணம் இல்லையாம். ‘ஃபேர் டிஃபரன்ஸ்’ என்று மட்டும் ஒரு தொகை கேட்டார்கள். அதற்குப் பழைய கட்டணமே தேவலை.

மனிதர்கள் விஷயத்தில் அதிர்ஷ்டம் இருந்தது. வீட்டுக்கார அம்மாவுக்கு எழுபது வயதிருக்கும். பத்தாம் தேதி வர வேண்டிய அடுத்த வாடகைக்காரர்களை அவராகவே வேண்டாமென்று சொல்லிவிட்டார். தினமும் வாசலில் பழமும் ரொட்டியும் வைத்துவிட்டுக் கதவைத் தட்டி, நாங்கள் திறப்பதற்குள் மாடிப்படி இறங்கிவிடுவார். அவருக்கு இங்கிலீஷ் வராது, எங்களுக்கு இத்தாலியன் வராது. ஜன்னலுக்கு ஜன்னல் கையாட்டியே பத்து நாளும் குடித்தனம் நடந்தது.

ரொட்டியில் எத்தனை நாள் ஓட்டுவது? மெஸ்த்ரேயில் பங்களாதேஷ்காரர்கள் நிறைய. அவர்கள் கடையில் அரிசி, மசூர் பருப்பு, வெண்டைக்காய், பச்சை மிளகாய், புளி எல்லாம் கிடைக்கும். ஒரு கடைக்குப் போன் செய்தால், பையன் ஒருவன் சைக்கிளில் கொண்டு வந்து வைப்பான். கீழேயிருந்தே, “அங்கிள், ஜுரம் போச்சா?” என்று ஹிந்தியில் கேட்பான். மூன்றாம் நாள் பையில் நான் கேட்காத ஒரு கட்டு கொத்தமல்லி இருந்தது. பில்லில் இல்லை. அன்றைக்கு வைத்த ரசத்தின் வாசனை எனக்குத் தெரியவில்லை. சூடு மட்டும் தெரிந்தது. போதும் என்றிருந்தது.

ஜுரம் இரண்டு நாள்தான். பாரசிட்டமாலும் வெந்நீரும்தான் வைத்தியம். நான் சர்க்கரைக்காரன் என்பதால் மனைவி மருந்துக் கடையிலிருந்து விரலில் மாட்டும் ஆக்ஸிஜன் மீட்டர் ஒன்று வாங்கி வந்திருந்தாள். ராத்திரி இரண்டு மணிக்குக் கதவு லேசாகத் திறக்கும். முகமூடியோடு ஒரு உருவம். “விரலை நீட்டுங்க.” 96. கதவு மூடும். பன்னிரண்டாம் தேதிக்குப் பிறகு அதே மீட்டரோடு நான் அவள் அறைக்குப் போனேன்.

படுத்தபடி யோசித்தால், இதற்கு வெனிஸைவிடப் பொருத்தமான ஊர் உலகத்தில் கிடையாது. ‘க்வாரன்டைன்’ என்கிற வார்த்தை பிறந்ததே இங்கேதான். ‘க்வாரந்தா’ என்றால் நாற்பது. பிளேக் காலத்தில் கப்பல்காரர்களை நாற்பது நாள் ஒதுக்கி வைப்பார்கள். 1377-ல் எதிர்க்கரையில் ரகூசா நகரம் (இன்றைய துப்ரோவ்னிக்) முப்பது நாள் என்று ஆரம்பித்து வைத்தது. வெனிஸ் 1423-ல் ஒரு தீவையே பிளேக் ஆஸ்பத்திரியாக்கியது. 1468-ல் இன்னொரு தீவை, சந்தேகப்பட்ட கப்பல்களுக்காக ஒதுக்கியது. நம் பக்கத்தில் மட்டும் என்ன? இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன நம் ஜனங்களை ராமேஸ்வரத்துக்கு இந்தப் பக்கம் மண்டபம் கேம்ப்பில் நிறுத்தி வைத்துத்தானே அக்கரைக்கு அனுப்பினார்கள்? அவர்களுக்குக் கொத்தமல்லி யார் கொடுத்திருப்பார்கள்?

இத்தாலியில் கொரோனாவுக்கு முதல் பலி 2020 பிப்ரவரி 21-ல், வெனிஸிலிருந்து அதிக தூரமில்லாத வோ என்ற சிற்றூரைச் சேர்ந்தவர். அந்த ஊரில் ஏறக்குறைய எல்லோரையுமே பரிசோதித்தார்கள். தொற்று இருந்தவர்களில் நாற்பது சதவீதத்துக்கும் மேல் அறிகுறியே இல்லாதவர்கள் என்று தெரிய வந்தது. என் மனைவி கதவுக்குப் பின்னாலிருந்து சொன்னதும் அதைத்தானே!

பதினாறாம் தேதி எனக்கு நெகடிவ் வந்தது. மறுநாள் காலை ஏழு மணிக்கே முகமூடியும் இரண்டு பாஸ்போர்ட்டும் இரண்டு சீட்டுமாகப் போலீஸின் குடியேற்ற ஆபீஸ் வாசலில் நின்றேன். ஐரோப்பிய விசா சட்டத்தில் 33-வது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. நம் கையை மீறிய காரணத்தால் குறித்த தேதிக்குள் வெளியேற முடியாவிட்டால், கட்டணமில்லாமல் நாளை நீட்டிப்பார்கள். ஆனால் கெடு முடிவதற்குள் கேட்க வேண்டும். மூன்று மணி நேரக் க்யூ. ஆபீஸர் சீட்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இது உங்கள் பெயர். ஆனால் இது உங்கள் மனைவியின் சீட்டு?”

விளக்கினேன்.

“அப்படியானால் இந்தச் சீட்டில் இருப்பவர்?”

“என் அப்பா. ஆனால் அது நான்.”

அவர் பேனாவை மேஜைமேல் வைத்தார். பாஸ்போர்ட்டைக் காட்டி, பிறந்த தேதியைக் காட்டி, ஒரு காகிதத்தில் வம்சாவளியே வரைந்து காட்டினேன். கடைசியில் சிரித்துவிட்டார். இருவருக்கும் 28-ம் தேதி வரை நீட்டிப்பு கிடைத்தது.

இருபதாம் தேதி காலையில் போன். மாப்பிள்ளை. பேத்தி பிறந்துவிட்டாள். நாலு நாள் முன்னதாக. மனைவியின் அறைக்கதவைத் தட்டி வீடியோவைக் காட்டினேன். இருமிக்கொண்டே பார்த்தாள். “தலைக்குத் துணி கட்டச் சொல்லுங்க, ஏ.ஸி. காத்து படுது” என்றாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நான் கதவைச் சாத்தவில்லை.

இருபத்திரண்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, முறை வைத்துத் திறந்திருந்த மருந்துக் கடையில் அவளுக்கும் நெகடிவ். ஆனால் அமெரிக்காவுக்கு முதல் நாள் சீட்டு வேண்டுமே? மறுபடி எடுத்து, மறுபடி கோடு தெரிந்தால்? பி.ஸி.ஆர். டெஸ்ட்டோ இன்னும் மோசம். செத்த வைரஸின் மிச்சத்தைக்கூட வாரக்கணக்கில் காட்டிக் கொடுத்துவிடும். அதனால்தான் அமெரிக்கர்கள் ஒரு மாற்று வழி வைத்திருந்தார்கள். 90 நாளுக்குள் எடுத்த பாஸிடிவ் சீட்டு, கூடவே ‘குணமாகிவிட்டார், பிரயாணம் செய்யலாம்’ என்று டாக்டர் கடிதம். இரண்டும் இருந்தால் புது டெஸ்ட் வேண்டாம். வியாதி வந்ததற்கான அத்தாட்சியே வியாதி இல்லை என்பதற்கும் அத்தாட்சி! கடிதம் டாக்டரின் லெட்டர்ஹெட்டில், விலாசம், போன் நம்பர், கையெழுத்து, தேதியோடு இருக்க வேண்டும். முக்கியமாக, பெயரும் பிறந்த தேதியும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே.

வீட்டுக்கார அம்மாவின் குடும்ப டாக்டர் திங்கட்கிழமை இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தார். முதல் பிரதியில் என் அப்பா குணமாகியிருந்தார். மாற்றி எழுத வைத்தேன்.

மே 24, விமான நிலையம். கௌண்டரில் இருந்த பெண்ணிடம் வம்சாவளிப் படம் உள்பட மொத்தக் கட்டையும் நீட்டினேன். நாலு விநாடி பார்த்திருப்பாள். “ஓகே” என்றாள். இரண்டு வாரம் சேர்த்த காகிதத்துக்கு நாலு விநாடி என்று எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

நியூஜெர்சியில் இரண்டு நாள் ஹாலில் முகமூடியோடு உட்கார்ந்து தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு, மூன்றாம் நாள்தான் பேத்தியை மடியில் வாங்கிக்கொண்டாள் என் மனைவி. அதற்கப்புறம் கீழே விடவே இல்லை. ஜூன் 12-ம் தேதி அமெரிக்கா அந்த டெஸ்ட் சட்டத்தையே எடுத்துவிட்டது. அன்றைக்குப் பேத்தி பிறந்து இருபத்து மூன்று நாள்.

மாப்பிள்ளையின் பாஸ்போர்ட்டிலும் சர்நேம் அவருடைய அப்பா பெயர்தான். ஆஸ்பத்திரிப் படிவத்தில் குழந்தைக்கும் அதையே எழுதியிருக்கிறார்கள். தடுப்பூசிக்கு அழைத்துப் போனபோது நர்ஸ் கதவைத் திறந்து கூப்பிட்டது எங்கள் சம்பந்தியின் பெயரை. அவர் பாவம், மதுரையில் தூங்கிக்கொண்டிருந்தார்.