தாத்தா காலத்து ஃபியட் வீட்டில் நிற்கிறதா? எடைக்குப் போடும் முன் இதைப் படிங்க!

பழைய பட்டுப்புடவையை ஜரிகைக்காக எடைக்குப் போடுவது ஆரணி மாதிரியான நெசவு ஊர்களுக்குப் புதுசு இல்லை. ஓடாமல் நிற்கும் பழைய ஃபியட் காருக்கும் பல வீடுகளில் அதே கதிதான். ஆனால் அந்த வண்டிக்கு 50 வயது ஆகியிருந்தால், சட்டத்தின் பார்வையில் அது வெறும் பழைய இரும்பு இல்லை. 'வின்டேஜ்' கார்!

பத்மினிக்கும் இத்தாலிக்கும் என்ன சம்பந்தம்?

நாம் 'பத்மினி' என்று சொல்லும் கார், பிறப்பால் இத்தாலியன். 1953இல் ஃபியட் நிறுவனம் இத்தாலியில் '1100' என்ற சின்ன குடும்பக் காரின் புதிய மாடலை அறிமுகம் செய்தது. அடுத்த ஆண்டே அது இந்தியாவுக்கு வந்தது. வால்சந்த் ஹிராசந்த் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் நிறுவனம், பம்பாய் குர்லா ஆலையில் இதைத் தயாரித்தது.

1964இல் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி வாங்கியதும் ஃபியட் 1100தான். விலை 12,000 ரூபாய். கையில் காசு போதாமல் பஞ்சாப் நேஷனல் வங்கியில் 5,000 ரூபாய் கடன் வாங்கினார். அவர் மறைந்த பிறகு மனைவி லலிதா அந்தக் கடனை அடைத்தார்.

1970களில் ஃபியட் பெயர் போய், முதலில் 'பிரீமியர் பிரெசிடென்ட்', பிறகு 'பிரீமியர் பத்மினி' ஆனது. இத்தாலி 1969லேயே கைவிட்ட காரை நாம் 2000 வரைக்கும் ஓட்டினோம்! மும்பையின் கடைசி பத்மினி டாக்ஸி 2023 அக்டோபரில்தான் ஓய்வு பெற்றது. தமிழில் இந்தக் காரையே நாயகியாக்கி 2014இல் வந்த படம் 'பண்ணையாரும் பத்மினியும்'.

எது வின்டேஜ்?

2021இல் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளைத் திருத்தியது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகள் தாண்டியிருக்க வேண்டும். அதைவிட முக்கியம், வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் கூடாது.

இங்கேதான் பலர் கோட்டை விடுறாங்க. பெட்ரோல் செலவைக் குறைக்க டீசல் இன்ஜின் மாற்றியிருந்தால் சிக்கல்தான். ஸ்டீயரிங் பக்கத்தில் இருக்கும் கியர், 1,089 சிசி இன்ஜின், பழைய மீட்டர் எல்லாம் அப்படியே இருந்தால்தான் மதிப்பு. இந்தக் காருக்குத் தனி சேஸிஸ் கிடையாது, பாடியேதான் எலும்புக்கூடு. அதனால் பெயின்ட் அடிக்கும் முன், அடித்தகட்டில் துரு எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பாருங்க. மேலே பளபளப்பாக்கி, கீழே துருவை விட்டால் செய்த செலவு வீண்.

செலவு எவ்வளவு?

வின்டேஜ் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். 10 ஆண்டுகளுக்குச் செல்லும். மறுபதிவுக்கு 5,000 ரூபாய். மாநில எழுத்துகளுக்கு அடுத்து 'விஏ' என்று வரும் தனி நம்பர் தருவார்கள். ஏற்கெனவே நம்பர் உள்ள வண்டி என்றால் பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம்.

தினமும் ஓட்டலாமா?

கூடாது. கண்காட்சி, வின்டேஜ் பேரணி, தொழில்நுட்ப ஆய்வு, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு, இவற்றுக்கு மட்டும்தான் ரோட்டில் இறக்கலாம். கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடுவதும் முடியாது.

வேலூர் வரைக்கும் குடும்பத்தோடு போய் வரணும்னா, சாதாரண ஆர்சியைப் புதுப்பிப்பதுதான் வழி. 15 ஆண்டுகள் கடந்த காருக்கு 5 ஆண்டுக்கு ஒருமுறை தகுதிச் சோதனையோடு புதுப்பிக்க வேண்டும். 2025 ஆகஸ்ட் திருத்தத்தின்படி, 20 ஆண்டுகள் தாண்டிய கார்களுக்கு இந்தக் கட்டணம் 10,000 ரூபாய்.

முதலில் என்ன செய்யணும்?

பழைய ஆர்சி புத்தகத்தைத் தேடுங்க. முதல் பதிவுத் தேதி அதில்தான் இருக்கும். இன்ஜின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் வண்டியில் உள்ளதோடு பொருந்துதான்னு பாருங்க. கார் இன்னும் தாத்தா பெயரிலேயே இருந்தால், வாரிசு பெயருக்கு மாற்றும் வேலையை முடிச்சிடுங்க. மெக்கானிக்கைத் தேடுவது அதுக்கு அப்புறம்தான். பேப்பர் சரியில்லாத வண்டிக்கு லட்சக்கணக்கில் செலவு செய்தாலும், அது ஷெட்டை விட்டு வெளியே வர முடியாது.