மங்கிய ஹெட்லைட்டும் மூன்று வாரப் பளபளப்பும்

பழைய காரின் ஹெட்லைட் மஞ்சள் பூத்து வெளிச்சம் குறைந்தால் பலரும் முதலில் பல்பைத்தான் மாற்றுகிறார்கள். பல்பு பாவம், அது ஒரு குற்றமும் செய்யவில்லை. கண்ணாடி என்று நாம் சொல்லும் அந்த முன்மூடி, பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக். கல் பட்டால் எளிதில் நொறுங்காது. ஆனால் வெயில் ஆகாது. அதனால்தான் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் மெல்லிய பூச்சு ஒன்றைத் தொழிற்சாலையிலேயே அதன் மேல் கொடுத்து அனுப்புகிறார்கள். ஆண்டுக்கணக்கில் வெயிலில் நிற்கும் வண்டியில் அந்தப் பூச்சு உரிந்துபோகும். அதன்பின் பிளாஸ்டிக்குக்குக் காவல் இல்லை.

அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏ.ஏ.ஏ. 2018-இல் சோதித்தபோது, மங்கிப்போன ஹெட்லைட்டுகள் புதியவை தரும் வெளிச்சத்தில் ஏறத்தாழ 20 சதவீதம்தான் தந்தன. மிச்ச வெளிச்சத்தில் ஒரு பங்கு கண்டபடி சிதறி, எதிரே வருபவரின் கண்ணைக் கூசவைக்கும். உங்களுக்கும் ரோடு தெரியாது, அவருக்கும் தெரியாது.

இருட்டில் முன்னால் 155 மீட்டர் வரை ஆளும் வண்டியும் தெளிவாகத் தெரிய வேண்டும் என்கிறது மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன் 105ஆவது விதி. ஆபத்தான குறையோடு வண்டி ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 190ஆவது பிரிவில் 1,500 ரூபாய் வரை அபராதம். அந்தக் குறையால் விபத்து நடந்து யாராவது காயம்பட்டால் சிறைத் தண்டனைக்கும் இடம் உண்டு.

மங்கல் வெளியிலா உள்ளேயா என்று தெரிந்துகொள்ள ஒரு கை தண்ணீர் போதும். லென்ஸ் மேல் தெளித்துப் பாருங்கள். நனைந்திருக்கும்போது தெளிவாகத் தெரிந்து, காய்ந்ததும் மறுபடி மங்கினால் கோளாறு மேல்பரப்பில்தான், தேய்த்துச் சரிசெய்யலாம். நனைந்தும் மங்கலாகவே இருந்தால் உள்ளே ஈரம் இறங்கியிருக்கலாம், ரிஃப்ளெக்டர் கருகியிருக்கலாம். அதற்கு எந்தப் பாலிஷும் உதவாது. முதல் வகைக்கே 'மொத்த அசெம்பிளியையும் மாற்றணும் சார்' என்று பல்லாயிரம் ரூபாய்க்குக் கணக்கு எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் எதிரிலேயே தண்ணீரைத் தெளித்துக் காட்டுங்கள்.

வீட்டு வைத்தியத்தில் பற்பசை முதலிடம். லேசாகத் தேய்த்துக் கொடுக்கும், சில வாரத்தில் பழைய கதை. கொசுவிரட்டித் திரவம் தடவுவதாக வீடியோக்கள் உலவுகின்றன. அதிலுள்ள 'டீட்' என்ற ரசாயனம் பிளாஸ்டிக்கின் மேல்தோலைக் கரைப்பதால்தான் அந்தத் திடீர்ப் பளபளப்பு. பெட்ரோல், தின்னர் போட்டால் விரிசலே விடலாம்.

ரோட்டோரத்தில் இப்போது ஆவி வைத்தியமும் வந்துவிட்டது. சின்னக் கெட்டிலில் ஒரு திரவத்தைச் சூடாக்கி, குழாயில் வரும் ஆவியை லென்ஸ் மேல் காட்டுவார்கள். கண்ணெதிரே லென்ஸ் பளிங்காகும். மேற்பரப்பு இளகிச் சமமாவதுதான் அதன் ரகசியம். வெயிலைத் தடுக்கும் பூச்சு அதனால் திரும்பி வராது. அந்தத் திரவங்கள் பலவற்றில் இருப்பது டைகுளோரோமீத்தேன் போன்ற கரைப்பான். சுவாசித்தால் உடம்புக்குள் அது கார்பன் மோனாக்சைடாக மாறும். முகமூடி இல்லாமல் அதன் எதிரே குனிந்து நிற்கும் பையனைப் பார்த்தால் எனக்குக் காரைவிட அவனை நினைத்துத்தான் கவலை.

முறையான வேலைக்கு நேரம் பிடிக்கும். சுற்றிலும் பெயின்ட் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, தண்ணீர் விட்டு, 800-இல் தொடங்கி 2000, 3000 என்று படிப்படியாக வாட்டர் பேப்பரால் தேய்த்து, காம்பவுண்டு போட்டு, கடைசியில் புற ஊதாவைத் தடுக்கும் கிளியர் கோட் அடிக்க வேண்டும். இந்தக் கடைசிப் படியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். கொடுக்கும்போது பளபளக்கும், அதனால் நாமும் கேட்பதில்லை. பழைய பூச்சின் மிச்சத்தையும் தேய்த்து எடுத்தபின் லென்ஸை வெறுமனே விட்டால், முன்னைவிட வேகமாக மஞ்சளாகும். நன்றாகச் செய்தாலும் முழுக்கப் புதிதாகிவிடாது, அதே ஏ.ஏ.ஏ. சோதனையில் திரும்பக் கிடைத்தது ஏறத்தாழ 70 சதவீதம்.

ஆகவே பணம் கொடுக்கும் முன் பில் கேளுங்கள். அதில் கிளியர் கோட் அடித்ததையும், எத்தனை மாத உத்தரவாதம் என்பதையும் எழுதி வாங்குங்கள். பில் தர மறுப்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி நியாயமற்ற வணிக நடைமுறை. வேலைக்கு முன்னும் பின்னும் ஒரே இடத்தில் நின்று போட்டோ எடுத்து வையுங்கள். சொன்ன காலத்துக்குள் மங்கினால் முதலில் கடைக்கு எழுத்தில் புகார். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை, ஈ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். இரண்டு ஆண்டுகளுக்குள் செய்துவிட வேண்டும்.