செங்கோணத்துக்கு அப்பால்

திரிகோணகணிதம் பயிலத் தொடங்கும் மாணவர்க்கு முதலில் அறிமுகமாவது செங்கோண முக்கோணமே. எதிர்ப்பக்கத்தைச் செம்பக்கத்தால் வகுக்கக் கிடைப்பது சைன். அயற்பக்கத்தைச் செம்பக்கத்தால் வகுக்கக் கிடைப்பது கோசைன். எதிர்ப்பக்கத்தை அயற்பக்கத்தால் வகுக்கக் கிடைப்பது தான்சன். இவ்வரைவிலக்கணம் எளியது, ஆயின் எல்லையுடையது. செங்கோண முக்கோணத்தின் ஏனைய இரு கோணங்களும் 90 பாகைக்குக் குறைந்தனவே. அங்ஙனமாயின் 150 பாகையின் சைன் யாது? மறைக்கோணமொன்றின் தான்சன் யாது?

இவ்வினாக்கள் எழுமிடத்திற் பெரும்பாலான மாணவர் நேர்க்குறி, மறைக்குறி பற்றிய விதியொன்றை மனனஞ் செய்து அப்பாற் செல்கின்றனர். காரணமறியாது மனனஞ் செய்த விதி பரீட்சை முடிந்ததும் மறைந்துவிடும். காரணத்தையோ தம்பிலுவில் மணலில் நாட்டிய கோலொன்றின் நிழலே எடுத்துக் காட்டவல்லது.

வட்டமே அடிப்படை

ஓரலகு ஆரையுடைய வட்டமொன்றைக் கருதுக. அதன் மையத்தில் ஒன்றையொன்று செங்குத்தாக வெட்டும் கிடையச்சும் நிலையச்சும் அமைந்துள்ளன. கிடையச்சின் வலப்புறத்திலிருந்து ஆரையொன்று இடஞ்சுழியாகச் சுழல்கின்றது. எவ்வளவு சுழன்றதோ அதுவே கோணம். ஆரையின் முனை மையத்திலிருந்து நிலைக்குத்தாக எவ்வளவு உயர்ந்துள்ளதோ அது சைன். கிடையாக வலப்புறம் எவ்வளவு தூரத்திலுள்ளதோ அது கோசைன். முன்னதைப் பின்னதால் வகுக்க வருவது தான்சன்.

கோணம் 90 பாகைக்குக் குறைந்தவிடத்து இவ்வரைவிலக்கணம் பழைய முக்கோண வரைவிலக்கணத்தோடு முற்றும் ஒத்திருக்கும். ஆனால் ஆரை 90 பாகையிலே நிற்க வேண்டியதில்லை. அதனைக் கடந்து சுழலின் முனை மையத்துக்கு இடப்புறம் செல்லும், கோசைன் மறையாகும். 180 பாகையைக் கடப்பின் முனை கீழிறங்கும், சைனும் மறையாகும். வலஞ்சுழியாகச் சுழலின் கோணமே மறையாகும். ஆகவே குறி என்பது முனை நிற்கும் திசையை அறிவிப்பதன்றி வேறொன்றன்று.

மூன்று படிகள்

எக்கோணத்தின் பெறுமானத்தையும் காண மூன்று படிகள் போதும். முதலாவது, முழுச் சுற்றுக்களை நீக்குதல். 360 பாகை சுழன்ற ஆரை தொடங்கிய இடத்திலேயே நிற்குமாதலால் அச்சுற்றுக்கள் பெறுமானத்தை மாற்றா. இரண்டாவது, எஞ்சிய ஆரை கிடையச்சோடு ஆக்கும் கூர்ங்கோணத்தைக் காணல். பெறுமானத்தின் அளவை இக்கூர்ங்கோணமே தரும். மூன்றாவது, முனை நிற்கும் கால்வட்டத்தை நோக்கிக் குறியிடல். முதற் கால்வட்டத்தில் மூன்றும் நேர். இரண்டாவதிற் சைன் மட்டும் நேர். மூன்றாவதில் தான்சன் மட்டும் நேர். நான்காவதிற் கோசைன் மட்டும் நேர்.

எடுத்துக்காட்டாக 1230 பாகையைக் கொள்க. மூன்று சுற்றுக்களுக்குரிய 1080ஐக் கழிக்க எஞ்சுவது 150. இது இரண்டாம் கால்வட்டத்திலுள்ளது. கிடையச்சோடு ஆக்குங் கூர்ங்கோணம் 30. ஆகவே சைன் 1/2, கோசைன் −0.866. இனி −480 பாகையைக் கொள்க. இரண்டு சுற்றுக்களுக்குரிய 720ஐக் கூட்ட வருவது 240. இது மூன்றாங் கால்வட்டம், கூர்ங்கோணம் 60. ஆகவே சைன் −0.866, கோசைன் −1/2, தான்சன் 1.732. பழைய அட்டவணை நூல்கள் 90 பாகையோடு நின்றமைக்குக் காரணம் இதுவே. முதற் கால்வட்டத்தை அறிந்தவன் முழு வட்டத்தையும் அறிந்தவனாவான்.

தெற்கே விழும் நிழல்

மறைக்கோணம் வெறுங் கற்பனையன்று. தம்பிலுவில் பூமத்திய கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 7 பாகையில் உள்ளது. பண்டைய சோதிட நூலார் 12 அங்குலச் சங்கு என்னுங் கோலை நிலத்தில் நிறுத்தி நிழலளந்தனர். நண்பகலில் அந்நிழலின் நீளம், அகலக்கோட்டிலிருந்து ஞாயிற்றின் கிராந்தியைக் கழித்த கோணத்தின் தான்சனை 12ஆற் பெருக்க வருவதாகும். கிராந்தி என்பது ஞாயிறு வானநடுவரைக்கு வடக்கே விலகிய பாகை. தெற்கே விலகின் அது மறை.

மார்ச்சு மாதத்தில் இரவும் பகலும் ஒத்த நாளிற் கிராந்தி சுழியம். நிழல் 12 × தான்சன் 7 பாகை, அதாவது ஏறத்தாழ 1.47 அங்குலம், வடக்கே விழும். திசெம்பர் மாத இறுதிப் பகுதியிற் கிராந்தி −23 பாகை 26 கலை. கோணம் 30 பாகை 26 கலையாகும். நிழல் ஏறத்தாழ 7.05 அங்குலம், அதுவும் வடக்கே. யூன் மாதத்திலோ கிராந்தி 23 பாகை 26 கலை. கோணம் −16 பாகை 26 கலை. வாய்பாடு தரும் விடை −3.54 அங்குலம். நீளம் எங்ஙனம் மறையாகும் எனச் சிலர் திகைப்பர். கோலை நட்டுப் பார்ப்பின் ஐயம் நீங்கும். அன்று நிழல் தெற்கே விழுகின்றது. கணிதத்தின் மறைக்குறி நிழலின் திசைமாற்றத்தைத் தப்பாது கூறிற்று. ஏப்பிரில் 8ஐ அடுத்தும் செத்தெம்பர் 4ஐ அடுத்தும் கோணம் சுழியமாக, நண்பகலில் நிழலே இல்லாதொழியும். ஞாயிறு அடிவானத்தைத் தொடும்போதோ கோணம் 90 ஆக, நிழல் எல்லையின்றி நீளும். தான்சன் 90 பாகைக்குப் பெறுமானம் இல்லையென்பதன் பொருள் இதுவே.

பன்னிரண்டு மணியைக் கடந்த பகல்

விரிகோணத்தின் கோசைனுக்கும் வானமே சான்று. ஞாயிறு மணிக்கு 15 பாகையாக நகர்வதால், நண்பகலிலிருந்து மறைவு வரையுள்ள காலத்தைக் கோணமாகக் கூறலாம். அம்மணிக்கோணத்தின் கோசைன், அகலக்கோட்டின் தான்சனையும் கிராந்தியின் தான்சனையும் பெருக்கி மறைக்குறியிட்டதற்குச் சமம். யூன் மாத இறுதிப் பகுதியில் தம்பிலுவிலுக்கு இது −0.0532. கோசைன் மறையாதலின் கோணம் 90ஐக் கடந்தது. அது ஏறத்தாழ 93 பாகை 3 கலை. இருமடங்காக்கி 15ஆல் வகுக்கப் பகற்பொழுது 12 மணி 24 நிமிடம் ஆகின்றது. ஒளிமுறிவினாலும் ஞாயிற்று வட்டத்தின் பருமனாலும் சில நிமிடங்கள் மேலுங் கூடும். கோசைனுக்கு மறைப்பெறுமானம் இல்லையெனின் நீண்ட பகலைக் கணிக்க வழியே இல்லை.

வில்லும் நாணும்

இக்கலையின் வரலாறும் அறியத்தக்கது. கி.பி. 499இல், தமது 23ஆம் அகவையில், ஆரியபட்டர் 225 கலைக்கு ஒன்றாக 24 சைன் பெறுமானங்களை அமைத்தார். ஆரை 3438 கலையெனக் கொண்டமையால் 30 பாகைக்குரியது 1719, அதாவது ஆரையிற் பாதி. ஏழாம் நூற்றாண்டில் முதலாம் பாஸ்கரர் அட்டவணையின்றியே சைன் காண வழி கூறினார். கோணத்தை 180இலிருந்து கழித்த மீதியால் அக்கோணத்தைப் பெருக்குக. அப்பெருக்கத்தின் நான்மடங்கை, 40500இலிருந்து அப்பெருக்கத்தைக் கழித்த மீதியால் வகுக்குக. 30 பாகைக்கு இது 18000 / 36000, சரியாக 1/2. 45 பாகைக்கு 0.7059; உண்மைப் பெறுமானம் 0.7071. 150 பாகையை இடினும் 1/2 என்றே வருதல் காண்க. விரிகோணமும் அவ்வாய்பாட்டுள் அடங்கிற்று.

சைன் என்னும் பெயரும் இந்திய வழக்கிலிருந்தே சென்றது. வட்டத்தின் பகுதி வில்லாதலின் அதனை இணைப்பதை நாண் எனும் பொருளிற் சீவா என்றனர். அரேபியர் அதனைச் சீபா என உயிர்க்குறியின்றி எழுதினர். மருதமுனையிலும் அக்கரைப்பற்றிலும் அரபெழுத்துப் பயின்றோர்க்கு இவ்வழக்குப் புதிதன்று. பின்வந்தோர் அதனைச் சைபு எனப் படித்தனர். அதன் பொருள் ஆடையின் மடிப்பு. இலத்தீன் மொழிபெயர்ப்பாளர் அதனையே சைனசு என்றனர்.

கணிப்பொறி கூறாதது

இன்று கணிப்பொறி எக்கோணத்தின் சைனையும் நொடியில் தருகின்றது. எனினும் சைனைக் கொடுத்துக் கோணத்தைக் கேட்பின் அது ஒரு விடையையே கூறும். முக்கோண வடிவான காணியொன்றின் இரண்டு எல்லைகள் 40, 50 மீற்றர். பரப்பு 500 சதுர மீற்றர். இடைப்பட்ட கோணத்தின் சைன் 1/2. கணிப்பொறி 30 பாகை என்னும். ஆயின் 150 பாகைக்கும் சைன் அதுவே. முன்னதாயின் மூன்றாம் எல்லை ஏறத்தாழ 25 மீற்றர். பின்னதாயின் 87 மீற்றர். பரப்பு ஒன்றே, மூன்றாம் எல்லையின் வேலியோ மூன்று மடங்குக்கு மேல் வேறுபடுகின்றது. எது சரியென்பதைக் காணியின் மூலையில் நின்று பார்ப்பவனே கூறல் வேண்டும். பெறுமானத்தைக் கருவி தரும். ஆரை எக்கால்வட்டத்தில் நிற்கின்றதென்பதை அறிதல் மாணவன் கடனாகும்.